எஞ்சின் பிஸ்டன்: வேலை என்ன? உலோகம் எது? காப்பது எப்படி?

சங்கரன்கோவில், குருவிகுளம், மேலநீலிதநல்லூர் வட்டாரங்களில் மானாவாரிக் கரிசல் மழையை நம்பியும், தோட்டப் பயிர்கள் கிணற்றை நம்பியும் இருக்கின்றன. கமலையில் மாடு பூட்டி இறைத்த கிணறுகளுக்கு முதலில் ஆயில் எஞ்சின் வந்தது. பின்னர் மின்சார மோட்டார் வந்தது. சிறு விவசாயிகளுக்கு 1984-ஆம் ஆண்டிலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990-ஆம் ஆண்டிலும் கட்டணமில்லா மின்சாரம் வழங்கப்பட்ட பிறகு மோட்டார்கள் பெருகின. ஆனாலும் எஞ்சினின் தேவை தீர்ந்துவிடவில்லை. மின் இணைப்புக்குக் காத்திருப்போரும், ஓடையிலும் குளத்திலும் இருந்து நீர் இறைப்போரும், மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் பயிரைக் காக்க வேண்டியோரும் இன்னமும் எஞ்சினையே நாடுகின்றனர். டிராக்டர், பவர் டில்லர், விசைத்தெளிப்பான் ஆகியவற்றுக்குள் ஓடுவதும் எஞ்சின்தான்.

அந்த எஞ்சினுக்குள் அதிகச் சூட்டையும் அதிக அழுத்தத்தையும் ஒருசேரத் தாங்கும் பாகம் பிஸ்டன். பிச்சியும் மல்லிகையும் மொட்டு விடும் நேரத்திலோ, மிளகாய் காய் பிடிக்கும் நேரத்திலோ பிஸ்டன் பிடித்துக்கொண்டால், எஞ்சினைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய், உதிரி பாகம் வாங்கி, மாட்டி முடிக்கப் பல நாட்கள் ஆகிவிடும். அதற்குள் ஒரு தண்ணீர் தவறிவிடும். பட்டறைச் செலவைவிடப் பயிரில் ஏற்படும் இழப்பு பெரிதாகிவிடும்.

பிஸ்டன் உழைப்பினால் மட்டும் கெடுவது குறைவு. பெரும்பாலும் அதைக் கெடுப்பவை சூடு, தூசி, ஆயில் குறைவு ஆகிய மூன்றுமே. ஏன் இந்த மூன்றும் அதற்குப் பகை என்பதை, அது செய்யும் வேலையையும் அது செய்யப்பட்டுள்ள உலோகத்தையும் தெரிந்துகொண்டால் எளிதில் புரிந்துகொள்ளலாம்.

பிஸ்டன் செய்யும் நான்கு வேலைகள்

கைத்தெளிப்பானில் பம்புத் தண்டின் நுனியில் ஒரு வாஷர் இருக்கும். தண்டை அழுத்தும்போது அது குழலை அடைத்துக்கொண்டு இறங்கி, மருந்தை வெளியே தள்ளும். எஞ்சின் பிஸ்டனும் சிலிண்டர் என்ற குழலுக்குள் ஏறி இறங்கும் ஒரு அடைப்பான்தான். ஆனால் அங்கே கை தண்டைத் தள்ளுகிறது. இங்கே தீ பிஸ்டனைத் தள்ளுகிறது.

டீசல் எஞ்சினில் பிஸ்டன் முதலில் கீழே இறங்கிக் காற்றை இழுக்கிறது. பிறகு மேலே ஏறி அந்தக் காற்றை நெருக்குகிறது. ஏறக்குறைய பதினாறு பங்கு காற்று ஒரு பங்காக நெருக்கப்படும்போது அதன் சூடு 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் போய்விடுகிறது. அந்த நேரத்தில் நாசில் வழியாகப் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொண்டு எரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நான்காவதாகப் பிஸ்டன் மீண்டும் ஏறிப் புகையை வெளியேற்றுகிறது. ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினின் அடிப்படை இதுவே.

இதில் பிஸ்டனுக்கு நான்கு வேலைகள் உண்டு. எரியும் வாயுவின் விசையைக் கனெக்டிங் ராடு வழியாகக் கிராங்க் ஷாப்டுக்குக் கொடுப்பது முதல் வேலை. வாயு கீழே கசிந்துவிடாமல் ரிங்குகளின் துணையோடு அடைத்து நிற்பது இரண்டாவது. தன் தலையில் ஏறிய சூட்டைச் சிலிண்டர் சுவருக்குக் கடத்திவிடுவது மூன்றாவது. கீழே தொட்டியில் உள்ள ஆயில் மேலே ஏறி எரிந்துபோகாமல் தடுப்பது நான்காவது. மூன்றாவது வேலைதான் பலரும் நினைத்துப் பார்க்காதது. ஆனால் பிஸ்டனின் ஆயுள் பெரும்பாலும் அதைப் பொறுத்தே இருக்கிறது.

கணக்கில் பார்த்தால்

கிணற்றுப் பாசனத்தில் பரவலாகப் பயன்பட்டுவரும் 5 குதிரைத் திறன் எஞ்சினை எடுத்துக்கொள்ளலாம். சிலிண்டரின் உள்விட்டம் 80 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 110 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 1,500 சுற்று. பூனா அருகே கட்கியில் 1946-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனத்தின் ஏ.வி.1 எஞ்சின் இந்த அளவைச் சேர்ந்தது.

இந்த எஞ்சினில் பிஸ்டன் தலையின் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். டீசல் எரியும்போது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 60 கிலோ அளவுக்கு அழுத்தம் விழுகிறது. அப்படியானால் பிஸ்டன் தலைமேல் ஒவ்வொரு முறையும் விழும் பாரம் சுமார் 3 டன். இது நிமிடத்துக்கு 750 தடவை நடக்கிறது. ஒரு மணி நேரத்தில் 45,000 தடவை. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வரும். மூன்று மணி நேரம் தண்ணீர் இறைத்தால், சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி போய்ச் சேரும் தூரத்தைப் பிஸ்டன் அந்த ஒரு சாண் குழலுக்குள்ளேயே கடந்துவிடுகிறது. இடையில் இருப்பது ஆயிலின் மெல்லிய படலம் மட்டுமே.

வார்ப்பிரும்பு போய் அலுமினியம் வந்த கதை

தொடக்க கால எஞ்சின்களில் பிஸ்டனை வார்ப்பிரும்பில்தான் வார்த்தார்கள். சூட்டைத் தாங்கும், எளிதில் தேயாது, விலையும் குறைவு. லிஸ்டர் வகை என்று சொல்லப்படும், நிமிடத்துக்கு 650 சுற்று மட்டும் சுற்றும் மெதுவான எஞ்சின்களில் வார்ப்பிரும்பு பிஸ்டன் நெடுங்காலம் பயன்பட்டது.

வேகம் கூடியபோது எடை பெரிய இடையூறாயிற்று. பிஸ்டன் மேல் முனையில் ஒரு கணம் நின்று திரும்புகிறது. கீழ் முனையிலும் அப்படியே. 1,500 சுற்று எஞ்சினில் ஒரு கிலோ எடையுள்ள பிஸ்டன் மேல் முனையில் திரும்பும்போது, கனெக்டிங் ராடை 150 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு இழுக்கிறது. 650 சுற்று எஞ்சினில் அதே ஒரு கிலோவின் இழுப்பு 40 கிலோ அளவுதான். ஆகவே வேக எஞ்சினுக்கு இலேசான பிஸ்டன் தேவைப்பட்டது.

இங்கிலாந்தைச் சேர்ந்த மோட்டார் பொறியாளர் டபிள்யூ. ஓ. பென்ட்லி 1913-ஆம் ஆண்டு பிரான்சில் ஒரு கார் தொழிற்சாலைக்குச் சென்றிருந்தார். அங்கே காகிதம் பறக்காமல் இருக்க மேசைமேல் வைத்திருந்த சிறிய அலுமினிய பிஸ்டன் வடிவம் அவர் கண்ணில் பட்டது. உண்மையான பிஸ்டனையே அலுமினியத்தில் செய்தால் என்ன என்று எண்ணினார். 88 பங்கு அலுமினியமும் 12 பங்கு செம்பும் கலந்து வார்த்து, கார் எஞ்சினில் பொருத்தி வெற்றி கண்டார். முதல் உலகப் போரில் விமான எஞ்சின்களுக்கும் அலுமினிய பிஸ்டன் போனது. பின்னர் உழவனின் எஞ்சினுக்கும் வந்து சேர்ந்தது.

அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான எடையே கொண்டது. அதைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு. பிஸ்டனுக்கான அலுமினியக் கலவை, வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்துகிறது. அலுமினியப் பாத்திரத்தின் அடியில் தீ பட்டால் விளிம்பும் உடனே சுடுவதை அடுப்படியில் பார்க்கலாம்.

இங்கே ஒரு கேள்வி எழும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். சிலிண்டருக்குள் எரியும் தீயோ 2,000 டிகிரி அளவுக்குப் போகிறது. பிஸ்டன் ஏன் உருகவில்லை? தீ ஒரு கணமே எரிகிறது. அடுத்து உள்ளே வரும் காற்று பிஸ்டனைக் குளிர்விக்கிறது. தலையில் ஏறிய சூட்டில் பாதிக்கு மேல் ரிங்குகள் வழியாகச் சிலிண்டர் சுவருக்குப் போய், அதைச் சுற்றி ஓடும் தண்ணீரில் கலந்துவிடுகிறது. அதனால் பிஸ்டன் தலை 250 முதல் 350 டிகிரிக்குள் நிற்கிறது. இந்த வழி அடைபட்டால் பிஸ்டனுக்கு ஆபத்துதான்.

தனி அலுமினியம் போதாது

தனி அலுமினியம் மென்மையானது. சூட்டில் மிக அதிகமாக விரியும். ஆகவே அதோடு 11 முதல் 13 சதவீதம் சிலிக்கனும், சுமார் ஒவ்வொரு சதவீதம் செம்பு, நிக்கல், மக்னீசியமும் சேர்த்து உருக்கி வார்க்கிறார்கள். சிலிக்கன் விரிவைக் குறைத்துத் தேய்மானத்தைத் தடுக்கிறது. மற்ற மூன்றும் சூட்டிலும் வலிமை குறையாமல் காக்கின்றன. வார்த்த பின் உலையில் வைத்துப் பதப்படுத்திய பிறகே கடைசல் பிடிக்கிறார்கள். பல டீசல் பிஸ்டன்களில் முதல் ரிங் உட்காரும் பள்ளத்தில் மட்டும், நிக்கல் கலந்த வார்ப்பிரும்பு வளையம் ஒன்றை உள்ளே வைத்து வார்ப்பதுண்டு. அதிகச் சூடும் அதிக அடியும் படும் இடம் அது.

இந்தத் தொழிலில் தென்காசிச் சீமைக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை செம்பியத்தில் 1949-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம், அமால்கமேஷன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. அந்தக் குழுமத்தை வளர்த்த எஸ். அனந்தராமகிருஷ்ணன், இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள ஆழ்வார்குறிச்சியைச் சேர்ந்தவர். சங்கரன்கோவிலும் 2019-ஆம் ஆண்டு உருவான அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

பெரிய லாரி எஞ்சின்கள் சிலவற்றில் அழுத்தம் மிகவும் கூடிவிட்டதால் இப்போது எஃகு பிஸ்டன் வந்துள்ளது. சிறு எஞ்சின்களுக்கு அலுமினியக் கலவையே இன்றும் ஏற்றது.

வண்டிப் பட்டா சொல்லும் பாடம்

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடும் கொல்லர், பட்டாவைத் தீயில் பழுக்கவைப்பார். சூட்டில் பட்டா விரியும். விரிந்ததைச் சக்கரத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்றினால், பட்டா சுருங்கிச் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிஸ்டனைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பாடம் போதும்.

பிஸ்டன் அலுமினியக் கலவை, சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டில் அலுமினியக் கலவை வார்ப்பிரும்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். போதாததற்குப் பிஸ்டனே அதிகம் சுடுகிறது. 80 மி.மீ. பிஸ்டன் தலையின் சூடு 200 டிகிரி உயர்ந்தால், அதன் விட்டம் சுமார் 0.3 மி.மீ. கூடும். சிலிண்டரோ 80 டிகிரி உயர்ந்து 0.07 மி.மீ. மட்டுமே விரியும். இதற்காகவே பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி விடுகிறார்கள். அதிகச் சூடு படும் தலைப்பக்கம் சிறுத்தும், அடிப்பக்கம் பருத்தும் பிஸ்டன் கடையப்படுகிறது. அது முழு வட்டமும் அல்ல. பின் செல்லும் பக்கத்தில் உலோகம் தடிப்பாக இருந்து அதிகம் விரிவதால், அந்தப் பக்கம் சற்றுக் குறுக்கி நீள்வட்டமாகக் கடைகிறார்கள். சூடேறி ஓடும்போதுதான் பிஸ்டன் சரியான வட்டத்துக்கு வருகிறது. சூடு அளவுக்கு மீறினால் இடைவெளி முழுவதும் தீர்ந்து, பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்கிறது.

முதல் பகை: சூடு

பம்பு செட் எஞ்சின்கள் பலவற்றில், பம்பு இறைக்கும் தண்ணீரில் ஒரு பகுதியையே சிறு குழாய் மூலம் சிலிண்டரைச் சுற்றிவர விடுகிறார்கள். இது எளிய ஏற்பாடு. ஆனால் கோடையில் கிணற்று நீர் இறங்கி புட்வால்வு காற்றை இழுத்தால், பம்பு தண்ணீர் தருவது நின்றுவிடும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். வாய்க்கால் தலைமாட்டில் மடை திருப்பிக்கொண்டிருப்பவருக்கு இது உடனே தெரியாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள கொஞ்ச நீரும் கொதித்துப் போன பிறகு பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே கோடையில் எஞ்சின் ஓடும்போது ஒருவர் அருகில் இருப்பது அவசியம். கிணற்று நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டே எஞ்சினைத் தட்ட வேண்டும்.

சிலிண்டரிலிருந்து வெளிவரும் தண்ணீர் நன்றாகச் சுட வேண்டும். ஆனால் ஆவி பறக்கக் கொதிக்கக் கூடாது. ஐஸ்போலக் குளிர்ந்து வந்தாலும் தவறுதான். எஞ்சின் சரியாகச் சூடேறாவிட்டால் டீசல் முழுவதும் எரியாமல் சுவரில் வழிந்து, ஆயில் படலத்தைக் கழுவிவிடும். வரும் நீரைக் குழாய் வால்வினால் அளவுபடுத்திக்கொள்ளலாம். உவர் நீர்க் கிணறுகளில் சிலிண்டரைச் சுற்றியுள்ள அறையில் உப்பு படிந்துவிடும். இந்தப் படிவு சூட்டைக் கடத்தாது. ஹெட் கழற்றும்போதெல்லாம் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

எஞ்சின் ஓசை கனத்து, வேகம் தானே குறைந்தால் டீசலை உடனே அடைத்து நிறுத்த வேண்டும். அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றக் கூடாது. வண்டிப் பட்டாவைப்போலச் சிலிண்டர் சுருங்கிப் பிஸ்டனை மேலும் இறுக்கும். வெடிப்பும் விழலாம். தானாக ஆறவிட்டு, பிளைவீலைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் மெக்கானிக் வந்து பார்க்கும்வரை ஓட்டக் கூடாது. நாள்தோறும் வேலை முடிந்ததும் சில நிமிடங்கள் பாரமில்லாமல் ஓடவிட்டு நிறுத்துவது நல்லது.

இரண்டாம் பகை: தூசி

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, இந்த வட்டாரத்தில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே காற்று உழுது போட்ட நிலத்தின் புழுதியையும் தூக்கிக்கொண்டு வருகிறது. மேலே சொன்ன 5 குதிரைத் திறன் எஞ்சின் ஒரு மணி நேரத்தில் 20,000 லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கிறது. அத்தனையும் ஏர் கிளீனர் வழியாகத்தான் போக வேண்டும்.

மணல் துகள் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. அது ஆயிலோடு கலந்தால் சாணைக்கல்லில் போடும் பொடியைப்போல ரிங்கையும் சிலிண்டரையும் அராவிவிடும். ஏர் கிளீனர் இல்லாமலோ, கிழிந்த ரப்பர் குழாயோடோ ஓட்டும் எஞ்சினில் புதிய ரிங் போட்டும் பயனில்லை. ஆயில் ஊற்றும் வகை ஏர் கிளீனரில் அடியில் சகதி சேர்ந்ததும் கழுவி, குறியிட்ட அளவு வரை புது ஆயில் ஊற்ற வேண்டும். காகித வகையை மெல்லத் தட்டிச் சுத்தம் செய்யலாம், கழுவக் கூடாது. ஆடிக் காற்றில் இதை நாள்தோறும் பார்ப்பது நல்லது.

மூன்றாம் பகை: ஆயில் குறைவும் கரியும்

ஆயில் வழுக்குவதற்கு மட்டும் அல்ல. பிஸ்டனின் அடிப்பக்கச் சூட்டைக் குறைப்பதும், ரிங்கின் சந்தை அடைப்பதும், கரியைக் கழுவுவதும் அதன் வேலைகள். தினமும் எஞ்சினைத் தட்டுவதற்கு முன் அளவுக் கம்பியை எடுத்துப் பார்க்க வேண்டும். கையேட்டில் சொன்ன மணி நேரம் ஓடியதும் ஆயிலை முழுவதும் மாற்ற வேண்டும். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை ஒரு நோட்டில் குறித்து வந்தால் தவறு வராது.

அளவுக்கு மீறிய பாரம் கொடுத்து ஓட்டினால் டீசல் முழுமையாக எரியாமல் கரியாகும். அந்தக் கரி ரிங் பள்ளத்தில் இறுகி, ரிங்கை அசையவிடாது. அசையாத ரிங் வாயுவை அடைக்காது, சூட்டையும் கடத்தாது. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் கடலை எண்ணெயிலேயே ஒரு டீசல் எஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள் என்பது உண்மை. ஆனாலும் கடலை எண்ணெயையோ புங்க எண்ணெயையோ அப்படியே ஊற்றித் தொடர்ந்து ஓட்டினால், கரி படிந்து ரிங் ஒட்டிக்கொள்ளும்.

புகை சொல்லும் சேதி

கறுப்புப் புகை வந்தால் பாரம் அதிகம், அல்லது காற்று போதவில்லை, அல்லது நாசில் சரியில்லை என்று பொருள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கக் கூடும். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நீடித்தால், டீசல் எரியாமல் போகிறது, அல்லது ஹெட் வழியாகத் தண்ணீர் உள்ளே கசிகிறது. ஆயில் ஊற்றும் துவாரத்திலிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது.

ரிங் மட்டும் போதுமா?

பட்டறையில் விவசாயி எடுக்க வேண்டிய முக்கியமான முடிவு இது. ரிங் மட்டும் மாற்றினால் செலவு குறைவு. ஆனால் சிலிண்டர் தேய்ந்திருந்தால் அந்தச் செலவு வீண்.

சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. முதல் ரிங் திரும்பும் மேல் முனையில்தான் தேய்மானம் அதிகம். சூடு அதிகம், ஆயில் குறைவு. அதற்கும் மேலே ரிங் போகாத இடம் தேயாமல் அப்படியே நிற்பதால் ஒரு படி உண்டாகும். விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படும். படி ஆழமாக இருந்தால், புதிய ரிங் அதில் மோதி உடைந்துபோகும்.

தேய்மானத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. புதிய ரிங் ஒன்றைச் சிலிண்டரின் அடிப்பகுதியில், தேயாத இடத்தில் விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக நிறுத்த வேண்டும். ரிங்கின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள சந்தை பீலர் கேஜால் அளக்க வேண்டும். பிறகு அதே ரிங்கை மேலே, தேய்ந்த இடத்தில் வைத்து அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால், சிலிண்டரின் விட்டம் எவ்வளவு கூடியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். விட்டம் கூடினால் சுற்றளவு அதைப்போல 3.14 மடங்கு கூடும் என்பதே இதன் காரணம்.

எடுத்துக்காட்டாக, அடியில் சந்து 0.30 மி.மீ., மேலே 0.93 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம் 0.63. அதை 3.14 ஆல் வகுத்தால் 0.20. சிலிண்டர் 0.20 மி.மீ. தேய்ந்துள்ளது. இதைக் கையேட்டில் உள்ள எல்லையோடு ஒப்பிட வேண்டும். எல்லைக்குள் இருந்தால் ரிங் போதும். மீறியிருந்தால் லைனர் உள்ள எஞ்சினில் லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் மாற்ற வேண்டும். லைனர் இல்லாவிட்டால் போர் போட்டு, 0.25 அல்லது 0.50 மி.மீ. கூடுதல் அளவுள்ள பிஸ்டனை மாட்ட வேண்டும். அளந்து பார்க்காமல் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னாலும், எதையும் மாற்ற வேண்டாம் என்றாலும், அளவைக் காட்டும்படி கேட்பது விவசாயியின் உரிமை.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

எஞ்சினின் மாடல், பாக எண் இரண்டையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். ரசீது இல்லாமல் வாங்கக் கூடாது. போலிப் பிஸ்டனில் கலவை சரியாக இல்லாவிட்டால் வெளியே பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். சூட்டில் அதிகம் விரிந்து பிடித்துக்கொள்ளும்போதுதான் அது தெரியவரும். வார்ப்பிரும்பு பிஸ்டன் இருந்த எஞ்சினில் அலுமினிய பிஸ்டனை அப்படியே மாட்டக் கூடாது. எடையும் வேறு; விட வேண்டிய இடைவெளியும் வேறு.

புதிய பிஸ்டனின் பக்கங்களில் வெள்ளீயப் பூச்சோ கிராபைட் கரும்பூச்சோ இருக்கலாம். அதை எமரித் தாளால் தேய்க்கக் கூடாது. பிஸ்டன் பின் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்ட எஃகு. அதைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் பிஸ்டன் வளைந்துவிடும். பிஸ்டனைக் கொதிநீரிலோ சூடான ஆயிலிலோ சிறிது நேரம் வைத்தால் துவாரம் விரிந்து, பின் எளிதில் உள்ளே போகும். ரிங்குகள் வார்ப்பிரும்பு, அதிகம் விரித்தால் உடைந்துவிடும். 80 மி.மீ. சிலிண்டருக்குப் புதிய ரிங்கின் சந்து பொதுவாக 0.25 முதல் 0.35 மி.மீ. இருக்கலாம். சந்து போதாவிட்டால் சூட்டில் முனைகள் முட்டிச் சுவரைக் கீறிவிடும். ரிங்குகளின் சந்துகள் ஒரே நேர்கோட்டில் வராமல் திருப்பி வைக்க வேண்டும்.

புதிய பிஸ்டனும் ரிங்கும் மாட்டிய எஞ்சினுக்கு முதல் நாளே முழுப் பாரம் கொடுக்கக் கூடாது. டெலிவரி வால்வைச் சற்று மூடி, குறைந்த பாரத்தில் கையேட்டில் சொன்ன நேரம் வரை ஓட்டி, அந்த ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்ற வேண்டும்.

விசைத்தெளிப்பான் வைத்திருப்போர்

பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் தெளிப்பானில், பிஸ்டனுக்கு வேறு ஆயில் கிடையாது. பெட்ரோலில் கலந்த ஆயில்தான் அதற்கு உயிர். கம்பெனி சொன்ன விகிதத்தில், அதற்கென உள்ள டூ டி ஆயிலையே அளந்து கலக்க வேண்டும். குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும். கூடினால் கரி அடைக்கும். வெறும் பெட்ரோலில் ஒரு டேங்க் ஓட்டினாலும் பிஸ்டன் போய்விடலாம். போர் ஸ்ட்ரோக் தெளிப்பானில் ஆயில் தனியாக இருக்கும். அதில் கலந்து ஊற்றக் கூடாது.

மழைக்காலத்தில் நிற்கும் எஞ்சின்

ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து எஞ்சினுக்கு வேலையில்லாமல் போனால், ஈரத்தில் ரிங்கும் சிலிண்டரும் துருப்பிடிக்கும். காற்று போகும் வழியில் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு, டீசலை அடைத்த நிலையில் பிளைவீலைக் கையால் சில சுற்றுகள் சுற்றி வைக்க வேண்டும். சைலன்சர் வாயை மூடிவிட வேண்டும். வாரம் ஒருமுறை கையால் சுற்றிவிடுவது நல்லது. மீண்டும் ஓட்டும்போது மூடியை எடுக்க மறக்கக் கூடாது.

சுருக்கமாக

எஞ்சினைத் தட்டுவதற்கு முன் ஆயில் அளவு, ஏர் கிளீனர், கிணற்று நீர்மட்டம் மூன்றையும் பார்க்க வேண்டும். ஓடும்போது வெளிவரும் தண்ணீரின் சூட்டையும் புகையின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். ஓடிய நேரத்தை நோட்டில் குறிக்க வேண்டும். இதற்கெல்லாம் நாளொன்றுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. இப்படிக் கவனித்தால் பிஸ்டன் நீண்ட நாள் உழைக்கும். பயிருக்கு வேண்டிய தண்ணீரும் வேண்டிய நாளில் தவறாமல் பாயும்.